கடைசியாக வைத்த கார்டுதான் ஜெயிக்குமா?

நீங்கள் எழுதியிருப்பது மேலோட்டமாகப் பார்த்தால் மூன்று சண்டைகளுக்குத் தீர்ப்புக் கேட்பது போல இருக்கிறது. மேஜிக் (Magic: The Gathering) என்ற கார்டு ஆட்டத்தில் உங்கள் பிராடிகல் சோர்சரர் என்ற கிரீச்சரை டேப் செய்து, அதாவது கார்டைப் பக்கவாட்டில் திருப்பி, ஒரு புள்ளி அடிக்கப் போனீர்கள். அத்தை மகன் அந்த நொடியே அதன் மேல் மூன்று புள்ளி அடிக்கிற லைட்னிங் போல்ட் போட்டு, ‘ஆளே போயாச்சு, அப்புறம் என்ன அடி?’ என்றார். அடுத்தது, சுற்று முடியும்வரை +3/+3 கூட்டுகிற ஜயண்ட் க்ரோத் போட்டு நீங்கள் வளர்த்த கரடியை அவர் டர்ன் டு ஃப்ராக் போட்டு 1/1 (முதல் எண் பலம், அடுத்தது உறுதி) தவளையாக்கிவிட்டதாகச் சொன்னார். மூன்றாவதில் நீங்கள் அவருடைய நியாயத்தையே அவர் பக்கம் திருப்பினீர்கள்: கிரேவ்யார்டுக்கு (செத்த, தீர்ந்த கார்டுகளின் குவியல்) எதையும் போகவிடாத ரெஸ்ட் இன் பீஸ் முதலில் வந்தது, டூம்ட் டிராவலர் பிறகு வந்தது, ஆகவே அது செத்ததும் ஆவி டோக்கன் (கார்டு இல்லாத அடையாளக் கிரீச்சர்) எனக்கு உண்டு என்று. அவரும் ஒப்புக்கொண்டுவிட்டார். இந்த மூன்றுக்கும் நடுவில் ஓடுகிற விதி ஒன்றுதான், கடைசியாக வந்த கார்டு ஜெயிக்கும் என்பது. அது உண்மையா என்பதுதான் உங்கள் கேள்வி. இரண்டு கார்டுகள் முட்டிக்கொண்டால் எதைப் பார்த்து முடிவு செய்வது என்பது அதற்குள்ளே இருக்கிற கேள்வி.

முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். முதல் சண்டையில் நீங்கள் சொன்னது சரி. இரண்டாவதில் அவர் சொன்னதும் தப்பு, நீங்கள் ஒப்புக்கொண்டதும் தப்பு. அந்தத் தவளை 4/4. மூன்றாவதில் உங்களுக்கு டோக்கன் கிடையாது, நீங்கள்தான் அவருக்குக் கடன்பட்டிருக்கிறீர்கள். நான் பன்னிரண்டு வருடமாக இதை விளையாடுகிறேன், கடை அளவிலான சின்னப் போட்டிகளில் நடுவராக நின்றிருக்கிறேன். மேசைக்கு என்னைக் கூப்பிடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ‘எந்தக் கார்டு பெரியது’ என்று கேட்டுத்தான் கூப்பிடுவார்கள். பெரிய கார்டு, சின்னக் கார்டு என்று இதில் ஒன்றும் இல்லை. கார்டில் இருக்கிற வாக்கியம் என்ன ஜாதி வாக்கியம் என்று பார்த்தால் பெரும்பாலும் அங்கேயே விடை கிடைத்துவிடும்.

சோர்சரரை எடுத்துக்கொள்வோம். அதில் டேப் சின்னம், அப்புறம் ஒரு முக்காற்புள்ளி, அப்புறம் ‘ஒரு புள்ளி அடி’ என்று இருக்கும். மேஜிக்கில் திறனுக்கு நடுவே முக்காற்புள்ளி வந்தால் அதற்கு முன்னால் இருப்பது விலை, பின்னால் இருப்பது விளைவு. விலையை நீங்கள் கட்டும்போது எதிராளி குறுக்கே வர முடியாது. கட்டி முடித்ததும் திறன் ஸ்டேக்கில், அதாவது நிறைவேறக் காத்திருப்பவற்றின் குவியலில், ஏறி உட்கார்ந்துவிடுகிறது. அந்த நேரத்திலிருந்து அதற்கும் சோர்சரருக்கும் உறவு முடிந்தது. கவணில் கல்லை விட்டபிறகு விட்டவனைப் பிடித்துக் கட்டிப்போட்டாலும் கல் பாதி வழியில் திரும்பாது, அது மாதிரி. போல்ட் பிறகு வந்ததால் ஸ்டேக்கில் மேலே இருக்கிறது, மேலே இருப்பது முதலில் நிறைவேறும், சோர்சரர் சாகிறது. அதுவரை உங்கள் அத்தை மகன் சொன்னது சரி. அதன்பின் கீழே காத்திருந்த ஒரு புள்ளி அடி நிறைவேறும். ‘கடைசியாக வந்தது முதலில் நடக்கும்’ என்ற உண்மையான விதிதான் கேள்விப்பட்டு கேள்விப்பட்டுக் ‘கடைசியாக வந்தது ஜெயிக்கும்’ என்று மாறியிருக்கிறது என்று நினைக்கிறேன். முதலில் நடப்பதால் மட்டும் மற்றது ரத்தாகிவிடாது.

அப்படியானால் அவர் எப்போது போல்ட் போட்டிருக்க வேண்டும்? சோர்சரர் மேசைக்கு வந்த பிறகு, உங்கள் அடுத்த சுற்று தொடங்குவதற்குள். டேப் சின்னம் உள்ள திறனைப் பயன்படுத்த, உங்கள் சுற்று தொடங்கும்போதே அந்தக் கிரீச்சர் உங்கள் கையாளுகையில் இருந்திருக்க வேண்டும். அதுவரை அது வெறும் 1/1 பொம்மை. உங்கள் அடுத்த சுற்று வரை விட்டுவைத்தால், அவர் போல்ட் போடும்போது நீங்கள் பதிலுக்கு டேப் செய்துவிட்டுப் போவீர்கள். இங்கே ஒரு விலக்கு உண்டு. இரண்டு கிரீச்சர்கள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் ‘ஃபைட்’ வகையில், நிறைவேறும் நேரத்தில் இரண்டில் ஒன்று காணாமல் போயிருந்தால் யாருக்கும் அடி விழாது. அங்கே கல்லை விடுவது அந்த நேரத்தில்தான் நடக்கிறது, அதற்கு முன்னால் இல்லை.

இதே கவண்கல் விஷயத்தை வைத்து ஒரு பழைய தந்திரம் உண்டு. 2007-இல் லோர்வின் தொகுப்பில் வந்த ஆப்லிவியன் ரிங்கில் இரண்டு தனி வாக்கியங்கள்: இது வரும்போது வேறொரு கார்டை நாடு கடத்து (எக்ஸைல், ஆட்டத்துக்கு வெளியே ஒதுக்கிவை), இது போகும்போது அந்தக் கார்டைத் திருப்பிக் கொடு. முதல் டிரிக்கர் (ஒரு சம்பவம் நடந்ததும் தானாக எழும் திறன்) ஸ்டேக்கில் இருக்கும்போதே ரிங்கை யாராவது உடைத்தால் இரண்டாவது டிரிக்கர் மேலே ஏறி முதலில் நிறைவேறும். திருப்பிக் கொடுக்க இன்னும் ஒன்றும் போகவில்லையே, சும்மா போய்விடும். அதன்பின் முதலாவது நிறைவேறிக் கார்டை நாடு கடத்தும். திரும்பி வர இனி வழியே இல்லை. ரிங் வைத்திருந்தவர் தன் ரிங்கைத் தானே உடைத்து இதைச் செய்வார், எதிராளி வாயைப் பிளப்பார். 2013-இல் பானிஷர் பிரீஸ்ட் வந்தபோது இரண்டு வாக்கியங்களை ஒன்றாக்கி, ‘இது மேசையை விட்டுப் போகும்வரை’ என்று எழுதினார்கள். இப்போது முன்பே செத்துப்போனால் ஒன்றும் நாடு கடத்தப்படாது. வேலை அதே வேலைதான். வாக்கியத்தின் உருவம் மாறியதும் விடை தலைகீழாகிவிட்டது.

இனி தவளை. இங்கே ஸ்டேக்குக்கு வேலையே இல்லை, ஏனென்றால் இரண்டு ஸ்பெல்லும் ஏற்கெனவே நிறைவேறிவிட்டன. இரண்டும் சுற்று முடியும்வரை கரடியின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. இப்படி ஒரே கிரீச்சரின் மேல் பல விளைவுகள் இருந்தால் எது முதலில் போடப்பட்டது என்று ஆட்டம் முதலில் பார்ப்பதில்லை. எந்த வகை விளைவு என்று பார்க்கிறது. விதிப்புத்தகத்தில் 613 என்று எண் போட்ட பகுதி இதற்குத்தான், லேயர்கள் என்பார்கள். நகல் எடுப்பது, யார் கையாளுகை என்பது, எழுத்தை மாற்றுவது, வகையை மாற்றுவது, நிறம், திறன்கள், கடைசியில் பலமும் உறுதியும் என ஏழு அடுக்கு. கடைசி அடுக்குக்குள்ளேயே ‘இனி நீ 1/1’ என்று எண்ணைப் புதிதாக வைப்பவை முன்னால் கணக்கிடப்படும், ‘+3/+3’ என்று கூட்டுபவை பின்னால். ஆகவே உங்கள் க்ரிஸ்லி பேர்ஸ் 2/2-இல் ஆரம்பித்தது, தவளையாக்கியது அதை 1/1 என்று வைத்தது, ஜயண்ட் க்ரோத் மூன்று மூன்று கூட்டியது, 4/4. எந்த வரிசையில் போட்டாலும் 4/4. அத்தை மகன் ஒரு ஸ்பெல்லைச் செலவழித்து 5/5-ஐ 4/4 ஆக்கியிருக்கிறார், கொஞ்சம் நீலச் சாயமும் பூசியிருக்கிறார். அவ்வளவுதான்.

ஆனால் ‘கடைசி ஜெயிக்கும்’ என்பது முழுப் பொய்யும் இல்லை. ஒரே அடுக்கில், ஒரே வகை விளைவுகள் இரண்டு மோதினால் பிந்தி வந்தது நிற்கும். ஒன்று 1/1 என்று வைக்க, பிறகு வந்த இன்னொன்று 0/2 என்று வைத்தால் 0/2. எல்லாத் திறனையும் இழ என்ற பிறகு, பற என்று ஒன்று வந்தால் பறக்கும். பற என்றது முந்தி வந்திருந்தால் பறக்காது. அவர் இந்த இடத்தில் கற்றதை எல்லா இடத்துக்கும் நீட்டியிருக்கலாம்.

இதே கரடியை வைத்து இன்னொன்றும் பார்த்துவிடுவோம், ஏனென்றால் அடுத்த சண்டை இதில்தான் வரும். நீங்கள் ஜயண்ட் க்ரோத் போடுகிறீர்கள், அது நிறைவேறுவதற்குள் அவர் கரடியின் மேல் போல்ட் போடுகிறார். போல்ட் முதலில் நிறைவேறும், 2/2 கரடி மூன்று புள்ளி அடியில் சாகும், குறி இல்லாமல் உங்கள் ஜயண்ட் க்ரோத் வீணாகும். இங்கே வரிசைதான் எல்லாம். மாற்றிப் பார்த்தால், அவர் போல்ட் போட, நீங்கள் பதிலுக்கு ஜயண்ட் க்ரோத் போடுகிறீர்கள்: கரடி 5/5 ஆகி, மூன்று அடி வாங்கி, நிற்கும். ‘சுற்று முடிந்ததும் 2/2 ஆகுமே, மூன்று அடி இருக்கிறதே, அப்போது செத்துவிடும்தானே?’ என்று கட்டாயம் கேட்பார். சாகாது. சுற்றின் கடைசியில் அடி துடைக்கப்படுவதும் ‘சுற்று முடியும்வரை’ என்ற விளைவுகள் ஓய்வதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. இடையில் அடியோடு 2/2 ஆக நிற்கிற கணமே கிடையாது.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. நாம் தமிழில் விளக்கும்போதுதான் இதில் குழப்பம் கூடுகிறது என்பது என் நெடுநாள் சந்தேகம். கார்டில் ‘வென்’ என்று இருந்தாலும் ‘இஃப்’ என்று இருந்தாலும் மேசையில் நாம் சொல்வது ஒன்றுதான்: ‘செத்தா டோக்கன் வரும்’, ‘செத்தா நாடு கடத்து’. இரண்டும் ‘ஆல்’ விகுதியில் போய் ஒட்டிக்கொள்கின்றன, வித்தியாசம் கண்ணில் படாமல் போகிறது. டூம்ட் டிராவலரில் இருப்பது ‘வென்’. செத்த பிறகு, அது நடந்து முடிந்ததைப் பார்த்து எழுந்திருக்கிற டிரிக்கர். ரெஸ்ட் இன் பீஸில் இருப்பது ‘இஃப்... வுட்... இன்ஸ்டெட்’. கிரேவ்யார்டுக்குப் போகவிருந்தால் அதற்குப் பதிலாக நாடு கடத்து. இது ஸ்டேக்கில் ஏறாது, யாரும் பதில் சொல்ல முடியாது, நடக்கவிருந்த சம்பவத்தையே வேறொன்றாக மாற்றிவிடும். மேஜிக்கில் சாவது என்றால் மேசையிலிருந்து கிரேவ்யார்டுக்குப் போவது என்று மட்டும்தான் பொருள். டிராவலர் அங்கே போகவே இல்லை. போல்ட் பட்டு அழிந்தது, ஆனால் சாகவில்லை. கேட்க வேடிக்கையாகத்தான் இருக்கும், டோக்கன் கிடையாது. எது முந்தி வந்தது என்பது இங்கே ஒரு பொருட்டே இல்லை, அந்த நேரத்தில் ரெஸ்ட் இன் பீஸ் மேசையில் இருந்தால் போதும். தமிழில் விளக்கும்போது நான் இப்போதெல்லாம் ஒன்றை ‘செத்ததும்’ என்றும் மற்றதை ‘சாவதற்குப் பதிலாக’ என்றும் வேண்டுமென்றே பிரித்துச் சொல்கிறேன். பாதிச் சண்டை குறைகிறது.

பதிலாக என்ற வகைக் கார்டுகள் இரண்டு ஒரே சம்பவத்தின் மேல் பாய்ந்தால்? பாதிக்கப்படும் கார்டு யார் கையாளுகையில் இருக்கிறதோ அவர் வரிசையைத் தேர்ந்தெடுப்பார். உங்களிடம் ஒன்று கூட்டுகிற ஹார்டன்ட் ஸ்கேல்ஸும் இரட்டிக்கிற டபுளிங் சீசனும் இருக்கின்றன, ஒரு ஸ்பெல் உங்கள் கிரீச்சரின் மேல் ஒரு +1/+1 கவுன்ட்டர் (பலத்தையும் உறுதியையும் ஒன்று கூட்டும் அடையாள வில்லை) வைக்கிறது என்று வையுங்கள். முதலில் ஒன்று கூட்டிப் பிறகு இரட்டித்தால் நான்கு. முதலில் இரட்டித்துப் பிறகு கூட்டினால் மூன்று. நான்கைத்தான் எடுப்பீர்கள். இதிலும் எந்தக் கார்டு முதலில் வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

‘முடியாது’ என்ற வாக்கியத்துக்கும் தனி இடம் உண்டு. ஒரு கார்டு முடியும் என்றும் இன்னொன்று முடியாது என்றும் சொன்னால் முடியாது என்பதுதான் நிற்கும், விதிப்புத்தகத்தின் ஆரம்பத்திலேயே இருக்கிறது. பிளாட்டினம் ஏஞ்சல் இருக்கிறவர் தோற்க முடியாது, எதிராளி ஜெயிக்க முடியாது. உயிர்ப்புள்ளி பூஜ்யத்துக்குக் கீழே போனாலும் உட்கார்ந்து ஆடுவார். உங்கள் அத்தை மகனின் டர்ன் டு ஃப்ராக் உண்மையில் ஜொலிக்கிற இடம் அதுதான். ஏஞ்சல் தவளையானால் திறன் போகும், அடுத்து ஆட்டம் தானாகச் சரிபார்க்கும் நேரத்தில், யாரும் எதுவும் போடுவதற்குள், உயிர் பூஜ்யமாக இருக்கிறவர் தோற்றுவிடுவார். கரடியின் மேல் வீணடித்துவிட்டார்.

இதுவரை சொன்னதில் எனக்கு ஐயமில்லை. எங்கே நான் தடுமாறுவேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1994-இல் வந்த பிளட் மூன், பேசிக் (அடிப்படை வகை) அல்லாத நிலக் கார்டுகளெல்லாம் மலை என்கிறது. 2007-இல் வந்த அர்போர்க் என்ற நிலம், எல்லா நிலமும் கூடுதலாகச் சதுப்பும் ஆகும் என்கிறது. ஒரு சின்னப் போட்டியில் இந்த இரண்டும் ஒரே மேசையில் இருக்க, என்னைக் கூப்பிட்டார்கள். இரண்டுமே நிலத்தின் வகையை மாற்றுபவை, ஒரே அடுக்கு, அர்போர்க் பிந்தி வந்தது, ஆகவே மலையும் உண்டு சதுப்பும் உண்டு என்று கம்பீரமாகத் தீர்ப்புச் சொன்னேன். தப்பு. அன்று ராத்திரி விதியை மறுபடி படித்தபோதுதான் புரிந்தது. அர்போர்க்கே பேசிக் அல்லாத நிலம்தான். பிளட் மூன் அதை மலையாக்கினால் அதன் திறனே அழிந்துபோகிறது. ஒரு விளைவு இன்னொன்றின் இருப்பையே மாற்றும் என்றால், வந்த வரிசையைத் தள்ளிவைத்து, எது எதைச் சார்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். அர்போர்க் பிளட் மூனைச் சார்ந்திருக்கிறது, பிளட் மூன் அர்போர்க்கைச் சாரவில்லை. ஆகவே பிளட் மூன் முதலில், அதோடு அர்போர்க் வெறும் மலை, அதனால் சதுப்பாவது எதுவும் இல்லை. எது முதலில் வந்திருந்தாலும் இதே விடை. தோற்ற பையனிடம் அடுத்த வாரம் போய்ச் சொன்னேன். ‘எனக்கு அப்பவே தெரியும் அண்ணா’ என்றான். தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை.

ஆகவே லேயரும் சார்பும் சேர்ந்து வருகிற இடத்தில் என் நினைவை நான் நம்புவதில்லை, நீங்களும் என்னை நம்ப வேண்டாம், புத்தகத்தைத் திறந்துவிடுங்கள். இருநூறு பக்கத்துக்கு மேல் இருக்கும், புதுத் தொகுப்பு வரும்போதெல்லாம் திருத்துவார்கள். முழுவதையும் படிக்க வேண்டியதில்லை, 613-உம் 616-உம் போதும். கையில் இருக்கிற பழைய கார்டில் அச்சாகியிருப்பதையும் நம்ப வேண்டாம். நிறுவனம் இணையத்தில் வைத்திருக்கிற ஆரக்கிள் வாசகம்தான் செல்லும், கேதரர் தளத்தில் பெயரைப் போட்டால் கிடைக்கும். நெடுநாள் ஆடாமல் திரும்பி வருகிறவர்களிடமும் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். ஸ்டேக் என்பதே 1999-இல் ஆறாம் பதிப்போடுதான் வந்தது. சண்டையின் அடி ஸ்டேக்கில் ஏறும் வழக்கம் 2009-இல் ஒழிந்தது. அவர் சொல்வது அவர் காலத்தில் சரியாகவே இருந்திருக்கும்.

யூகியோ என்ற இன்னொரு கார்டு ஆட்டமும் ஆடுவதாக எழுதியிருக்கிறீர்கள். அதில் என் பழக்கம் குறைவு, அதனால் கெட்டியாகத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். அங்கே ஸ்டேக் மாதிரி இருக்கிற செயின் என்பதும் பின்னாலிருந்து முன்னால் நிறைவேறும். எதிராளி ஒரு சாதாரண ஸ்பெல்லை இயக்க, நீங்கள் மிஸ்டிகல் ஸ்பேஸ் டைஃபூன் போட்டு அதை அழித்தாலும் அதன் விளைவு நடக்கும், கவண்கல்லேதான். ஆனால் தொடர்ந்து மேசையில் இருக்க வேண்டிய கன்டினியுயஸ் வகைக் கார்டை அப்படி அழித்தால் விளைவு நடக்காது. 2011-இலிருந்து அவர்கள் கார்டு வாசகத்தை ஒழுங்குபடுத்தியிருக்கிறார்கள்: முக்காற்புள்ளிக்கு முன்னால் இருப்பது எப்போது இயக்கலாம் என்ற நிபந்தனை, அரைப்புள்ளிக்கு முன்னால் இருப்பது இயக்கும்போதே செய்ய வேண்டியது, மீதி விளைவு. மேஜிக்கின் முக்காற்புள்ளியை அங்கே கொண்டுபோனால் மாட்டிக்கொள்வீர்கள். இன்னொரு பொறி, ‘வென்... யூ கேன்’ என்ற வாக்கியம். அந்தச் சம்பவம்தான் கடைசியாக நடந்ததாக இருக்க வேண்டும், இல்லையென்றால் வாய்ப்புத் தவறிவிடும். கிரேவ்யார்டுக்குப் போகும்போது இயங்குகிற பீட்டன் என்ற கோமாளியைப் பலி கொடுத்துப் பெரிய மான்ஸ்டரை அழைத்தால், கடைசியாக நடந்தது அழைப்புதான், பீட்டன் போனது அதற்கு முன். அதன் திறன் இயங்காது. மேஜிக்கில் இப்படி ஒரு தொல்லை இல்லை.

வீட்டு மேசையில் ஒரு டிரிக்கரை மறந்துவிட்டால் திரும்பிப் போகலாமா, கையை எடுத்த பிறகு கார்டைத் திரும்ப எடுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அதற்குப் போட்டி விதிகள் தனியாக இருக்கின்றன, வீட்டுக்கு அவை செல்லாது, நீங்கள் இருவரும் பேசிவைத்துக்கொள்வதுதான். கடைசியாக ஒன்று, ‘என் கிரீச்சரைத் தொடவே முடியாது என்று அதன் கார்டில் இருக்கிறது, ஆனாலும் அவன் இன்னொரு கார்டு போட்டு அழித்துவிட்டான்’ என்ற வரிக்கு மட்டும் என்னால் இப்போது பதில் சொல்ல முடியவில்லை. அது பிளாக் நைட்டில் இருப்பது போன்ற புரொடெக்‌ஷன் என்றால் அவர் செய்தது சரியாக இருக்கலாம்: ராத் ஆஃப் காட் யாரையும் குறி வைப்பதில்லை, அடியும் கொடுப்பதில்லை, எல்லாரையும் அழிக்கிறது, வெள்ளையிலிருந்து காப்பு இருந்தும் பிளாக் நைட் போய்விடும். ‘இன்டிஸ்ட்ரக்டிபிள்’ (அழிக்க முடியாதது) என்று இருந்தால் ராத் அதை ஒன்றும் செய்யாது. இரண்டு கார்டுகளின் பெயரையும், ஆரக்கிளில் இருக்கிறபடி முழு வாசகத்தையும் இங்கே கீழே போடுங்கள். சுருக்கி வேண்டாம், அப்படியே.